மகள் பி.ஏ. மனித உரிமைகள் படிக்க வேண்டும் என்கிறாள். என்ன சொல்வது?

உரக்கடைக்காரர்

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். இந்தத் தளத்தில் இதுவரை முருங்கையில் வரும் பூச்சியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இது வேறு விஷயம்.

மகள் பிளஸ் டூவில் வணிகவியல் படித்து 541 வாங்கியிருக்கிறாள். பி.காம். சேர்த்துவிட்டு சி.ஏ. படிக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவளோ பி.ஏ. மனித உரிமைகள் என்கிறாள். பக்கத்து மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதாம். கட்டணம் ஆண்டுக்கு 1,60,000 ரூபாய், விடுதி தனி. படித்து முடித்தால் என்ன வேலை என்று கேட்டால், "அதைக் கண்டுபிடிக்கத்தானே அப்பா படிப்பது" என்கிறாள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் மனித உரிமைகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதோடு போயிருக்கும். சென்ற ஆண்டு எங்கள் கடையில் மூட்டை தூக்கும் தம்பியைத் திருட்டு விசாரணை என்று காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. ஒரு வாரம் அவனால் மூட்டை தூக்க முடியவில்லை. மகள் என்னிடம், "24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதே அப்பா" என்றாள். நான் பதில் சொல்லாமல் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது படிக்கக்கூடிய படிப்புதானா?

வெண்கட்டி

அரசுப் பள்ளி ஆசிரியர் நான். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். குரூப் தேர்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒரு பட்டம் போதும், அங்கே தடையில்லை. பின்னால் ஆசிரியர் வேலை என்று மனம் மாறினால்தான் சிக்கல். பள்ளியில் பாடமாக இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு பி.எட். சேர்வது கடினம். பட்டத்தின் பெயரில் ஒரு சொல் மாறியிருந்தாலே இணைத்தன்மைச் சான்றுக்கு நாயாக அலைய வேண்டும், நான் அலைந்திருக்கிறேன். வரலாறோ அரசியல் அறிவியலோ எடுத்துவிட்டு, மனித உரிமையை இக்னோவில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். செலவும் குறைவு.

ஓய்வு_தாசில்

முப்பத்தோரு ஆண்டு வருவாய்த் துறையில் இருந்தவன். மனித உரிமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு வெள்ளை கார்தான் நினைவுக்கு வருகிறது. முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் "மனித உரிமை", கீழே "மாநிலத் துணைத் தலைவர்". உள்ளேயிருந்து இறங்குபவர் கழுத்தில் அரசு முத்திரை மாதிரியே ஒரு அட்டை. பட்டா மாறுதலுக்கு வந்திருப்பார். சுங்கச்சாவடியில் பணம் கட்டாமல் போவதற்கென்றே அந்த அட்டையைக் காசு கொடுத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தாலுகாவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள்.

இனி அதற்குப் பட்டம் வேறா? உங்கள் மகள் நல்ல பிள்ளையாகத் தெரிகிறாள். சி.ஏ. படிக்க வையுங்கள்.

மேலூர்_வக்கீல்

தாசில்தார் ஐயா சொல்லும் அட்டைக்காரர்கள் உண்மை. அவர்களால் நிஜமாக வேலை செய்கிறவர்களுக்கும் நீதிமன்ற வளாகத்தில் மரியாதை போய்விட்டது. ஆனால் போலி டாக்டர் இருக்கிறார் என்பதற்காக யாரும் மருத்துவக் கல்லூரியை மூடுவதில்லை.

என் கருத்து: ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. சேர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அரசுச் சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை, நுழைவுத் தேர்வு கிடையாது. நீங்கள் சொல்லும் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. முடித்த பிறகு பார் கவுன்சிலில் பதிவு செய்ய முன்பு மாநிலத்துக்கு மாநிலம் பல ஆயிரம் வாங்கினார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மனித உரிமை என்பது கடைசியில் ஒரு நீதிபதி முன்னால் நின்று பேசுவதில் போய் முடிகிறது. அங்கே நிற்கக் கறுப்பு அங்கி வேண்டும். 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, மாவட்டம்தோறும் மனித உரிமை நீதிமன்றம் அமைக்கலாம் என்கிறது. பெயர்ப் பலகையும் இருக்கிறது. ஆனால் "மனித உரிமை மீறலால் எழும் குற்றம்" எது என்று அந்தச் சட்டம் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. எந்தக் குற்றத்தை விசாரிப்பது என்று தெரியாத நீதிமன்றத்தில் எத்தனை வழக்கு நடக்கும்? இந்த ஓட்டையெல்லாம் சட்டம் படித்தவனுக்குத்தான் தெரியும். வெறும் பி.ஏ. படித்தவர் அந்தப் பலகையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுப் போவார்.

செம்மண்

வக்கீல் சார், உங்கள் பேச்சில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்தவள். ஒன்பது ஆண்டுகளாகக் காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளில் கொத்தடிமை மீட்பு வேலை. ஒருமுறை சட்டம் படித்த புது ஆள் ஒருவர் எங்களோடு கோட்டாட்சியர் விசாரணைக்கு வந்தார். நல்ல படிப்பாளி. ஓர் இருளர் குடும்பத்திடம் உட்கார்ந்து, "நீங்கள் கொத்தடிமைகளா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். "விருப்பப்பட்டுத்தான் வேலை செய்கிறீர்களா?" ஆமாம் என்றார்கள். அட்வான்ஸ் வாங்கினோம், கழிக்கிறோம் என்றார்கள். ஓனர் வெளியே நின்றுகொண்டிருந்தார். அதோடு விசாரணை முடிந்திருக்க வேண்டியது.

எங்கள் மூத்த அக்கா ஒருவர் (பத்தாவது வரை படித்தவர்) பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அம்மாவின் கையிலிருந்த குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "கடைசியாக ஊர்த் திருவிழாவுக்கு எப்போது போனாய்?" என்றார். போகவில்லை. "உன் அம்மா சாவுக்கு?" புருஷனை நிறுத்திக்கொண்டு அவளை மட்டும் அனுப்பினார்களாம், மறுநாளே திரும்பிவிட வேண்டும் என்று. "ஆயிரம் கல் அறுத்தால் எவ்வளவு?" சொன்னாள். "வாரத்துக்குக் கையில் எவ்வளவு கொடுக்கிறார்கள்?" சொன்னாள். "கணக்கு நோட்டை நீ பார்த்திருக்கிறாயா?" எனக்குப் படிக்கத் தெரியாதே என்றாள்.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம் கேட்பது இதைத்தான். முன்பணத்துக்காகக் குறைந்தபட்சக் கூலி இல்லாமல், வேறு வேலைக்குப் போக முடியாமல், விருப்பப்படி நடமாட முடியாமல் இருந்தால் அது கொத்தடிமைமுறை. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். அதே சட்டத்தின் 15ஆவது பிரிவில், இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவர் மேல் இருக்கிறது. சட்டம் படித்த தம்பிக்கு இந்தப் பிரிவுகள் மனப்பாடம். ஆனால் நடமாடும் உரிமையை அம்மாவின் சாவு வழியாகக் கேட்க வேண்டும் என்று அவருக்கு எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று மாலை விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் பழைய கடன் ரத்தானது என்று காட்ட வழியில்லை, அரசு நிவாரணம் வாங்குவதும் கடினம். ஒரு குடும்பத்தின் மொத்த விடுதலையும் வாக்குமூலத்தில் எந்த வாக்கியம் எப்படி எழுதப்பட்டது என்பதில் நிற்கிறது.

ஆகவே, உரக்கடை அண்ணா, அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். களப்பணி எத்தனை வாரம், யாருடைய மேற்பார்வையில் என்று கேளுங்கள். "கருத்தரங்கு" என்று பதில் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

ஓய்வு_தாசில்

செம்மண் அம்மா, நானும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தவன்தான். மேசைக்கு அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். எங்களுக்கு இதில் என்ன பயிற்சி கொடுத்தார்கள்? டிசம்பர் 10ஆம் தேதி காலை வராந்தாவில் நின்று மனித உரிமை நாள் உறுதிமொழி. பிறகு ஒரு டீ, ஒரு சமோசா. அவ்வளவுதான். சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் சூளை முதலாளி மறுநாள் மேலிடத்தோடு வருவார். போடாவிட்டால் நீங்கள் வருவீர்கள். நான்கு சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். கொடுக்காமல் விட்டதையும் நான் மறக்கவில்லை.

செம்மண்

எத்தனை கொடுக்கவில்லை என்று கேட்கமாட்டேன் ஐயா. ஆனால் இந்தப் படிப்பை மாணவிகளைவிட முதலில் உங்கள் துறைக்குத்தான் வைத்திருக்க வேண்டும்.

ஓய்வு_தாசில்

அதில் எனக்கு மறுப்பில்லை.

அரூர்க்காரன்

பட்டம் பட்டம் என்கிறீர்கள். எங்கள் பக்கத்து ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து உள்ளே போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்தே போயிருந்தார்கள், உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். 31 ஆண்டு.

அந்த வழக்கை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்களும் கட்சிக்காரர்களும் அந்தப் பெண்களும். இதில் மனித உரிமைப் பட்டம் வாங்கியவர் யார்? கூண்டில் ஏறி இன்னார்தான் என்று கை நீட்டினார்களே, அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள்?

ஓட்டாவா_குளிர்

அண்ணை, நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் இந்த இழையில் அந்தப் பட்டத்தை உண்மையாகவே படித்த ஆள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மனித உரிமையை முதன்மைப் பாடமாக எடுத்தேன். வெளிநாடுகளில் இது புதுமை இல்லை. பிரிட்டனில் எசெக்ஸ், சுவீடனில் லுண்ட், அமெரிக்காவில் பார்ட் கல்லூரி, கனெக்டிகட் என்று பல இடங்களில் இளநிலையிலேயே இருக்கிறது. முதலாண்டில் ஐ.நா.வின் 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 30 உறுப்புகளையும் ஒப்புவிக்கச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். நடந்தது வேறு. முதல் மாதமே எங்களை அதைச் சந்தேகப்பட வைத்தார்கள். 1947இலேயே அமெரிக்க மானிடவியல் சங்கம், இது மேற்கின் விழுமியங்களை எல்லோர் தலையிலும் கட்டுவதாகிவிடாதா என்று கேட்டு ஐ.நா.வுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைப் படித்த அடுத்த வாரம், முதல் உறுப்பில் "எல்லா ஆண்களும்" என்று இருந்ததை "எல்லா மனிதர்களும்" என்று மாற்ற வைத்தவர் இந்தியாவிலிருந்து போன ஹன்சா மேத்தா என்று படித்தோம். அப்போது அது யாருடைய பிரகடனம்? மூன்று ஆண்டும் இந்தச் சண்டையே ஓடியது. எனக்குப் பிடித்திருந்தது.

வேலை? பட்டத்தோடு வெளியே வந்தபோது இல்லை. ஒன்பது மாதம் கோப்பிக் கடையில் நின்றேன். பிறகு பாராலீகல் (வக்கீல் அல்லாத சட்டப் பணியாளர்) படித்து உரிமம் எடுத்து, இப்போது அகதிக் கோரிக்கை விசாரணைகளில் வேலை செய்கிறேன். மேலூர் ஐயா சொல்கிற அங்கி இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு உரிமம் வேண்டித்தான் இருந்தது.

ஆனால் அந்தப் பட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். என் அப்பா 1990இல் மன்னாரிலிருந்து வள்ளத்தில் மண்டபம் வந்து, முகாமில் இருந்து, பின்னர் கனடா வந்தவர். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் அங்கே இருந்த காலமெல்லாம் அவர் சட்டப்படி அகதியே இல்லை என்று எனக்கு வகுப்பில்தான் தெரியும். இங்கே விசாரணையில் அவர் கதையைத் தேதி வரிசையில் சொல்லவில்லை. அண்ணன் காணாமல் போனதை முதலில் சொன்னார், வீடு எரிந்ததைக் கடைசியில் சொன்னார், அது நடந்ததோ முன்னால். முன்னுக்குப் பின் முரண் என்று எழுதினார்கள். முதல் தடவை மறுத்தும் விட்டார்கள். அடிபட்ட மனிதர்களின் நினைவு நாட்காட்டிபோல வராது என்று ஒரு பாடத்தில் ஆறு வாரம் படித்தேன். இன்றைக்கு என் முன்னால் இருக்கிறவர் குழப்பமாகச் சொல்லும்போது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். அதை உரிமத் தேர்வு எனக்குச் சொல்லித் தரவில்லை.

செம்மண் அக்கா சொன்ன அந்த மூத்த அக்காவுக்கு இது படிக்காமலே தெரிந்திருக்கிறது. எனக்குப் படிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இங்கே எனக்குக் கல்விக் கடன் இருந்தது, கட்டணமும் உள்ளூர்க் கட்டணம். கடையை அடகு வைத்துப் படிக்கச் சொல்ல என்னால் முடியாது.

மேலூர்_வக்கீல்

ஓட்டாவாத் தங்கையின் பதிவை இரண்டு முறை படித்தேன். சட்டக் கல்லூரியில் எனக்கும் மனித உரிமை ஒரு தாள் இருந்தது. கையேட்டை முந்தின இரவு படித்து எழுதினேன். 62 மதிப்பெண். ஒன்றும் நினைவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

உரக்கடை ஐயா, நான் உங்களிடம் வேறு ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடைத் தம்பியைக் கொண்டுபோனது எந்தத் தேதி? ஏன் கேட்கிறேன் என்றால், அந்த 1993 சட்டத்தில் 36(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டால் மனித உரிமை ஆணையம் விசாரிக்க முடியாது. போன மாதம் ஒருவர் பதினான்கு மாதம் கழித்து என்னிடம் வந்தார். மருத்துவமனைச் சீட்டு, போட்டோ எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். ஆணையத்துக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது என்று சொல்லத்தான் முடிந்தது.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுத வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. தமிழில் எழுதித் தபாலில் போடலாம். பாதிக்கப்பட்டவருக்காக வேறு ஒருவரும் எழுதலாம். "ஆணையம் பரிந்துரைதானே செய்யும், பல் இல்லாத புலி" என்று சிலர் சொல்வார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லியிருக்கிறது.

உரக்கடைக்காரர்_மகள்

வணக்கம். அப்பாவின் கைப்பேசியில் இந்த இழையை நேற்றிரவு படித்தேன். கேட்டுவிட்டுத் தனிக் கணக்குத் தொடங்கியிருக்கிறேன்.

தேதி சென்ற ஆண்டு ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. அன்று கடையில் யூரியா இறங்கியது, பில் இருக்கிறது. 26ஆம் தேதி காலையில்தான் கடை அண்ணன் வெளியே வந்தார். இன்று மே 17. இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது.

படிப்பைப் பற்றி: வெண்கட்டி ஐயா சொன்ன பி.எட். விஷயம் எனக்குத் தெரியாது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசிக் களப்பணி எத்தனை வாரம் என்று கேட்டேன். "இண்டஸ்ட்ரியல் விசிட் உண்டு" என்றார்கள். இதில் என்ன இண்டஸ்ட்ரி என்று எனக்குப் புரியவில்லை. அரூர் ஐயாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த 31 ஆண்டும் யாரோ தேதிகளை எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த ஆளாக இருக்க என்ன படிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அது ஓட்டாவா அக்கா படித்ததா, வக்கீல் ஐயா படித்ததா, செம்மண் அக்கா படித்ததா என்று இன்னும் தெரியவில்லை.

மனுவை நான் இன்றே எழுதித் தரலாமா?

செம்மண்

தங்கச்சி, எழுதாதே. முதலில் அவரிடம் கேள். ஸ்டேஷன் அங்கேயேதான் இருக்கும், அவரும் அந்த வழியாகத்தான் தினமும் சைக்கிளில் வர வேண்டும். உனக்கு இது நியாயம், அவருக்கு இது நாளைக் காலை. மனைவி இருந்தால் அவரையும் வைத்துக்கொண்டு பேசு. வேண்டாம் என்றால் அதுவும் அவருடைய உரிமை. அழுத்தாதே. வேண்டும் என்றால் அவர் சொல்கிற சொல்லிலேயே எழுது, நீ திருத்தி அழகாக்காதே.

வெண்கட்டி

541 வாங்கிய பிள்ளை யூரியா பில்லை எடுத்து வைத்திருக்கிறாள். அந்த சி.ஏ. யோசனையும் அப்படி மோசமில்லை.

உரக்கடைக்காரர்_மகள்

கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு அண்ணி ரொம்ப நேரம் பேசினார். கையில் விழுந்த அடியைப் பற்றி அண்ணனைவிட அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கிறது. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், ஓட்டாவா அக்கா சொன்ன மாதிரி வரிசை மாறித்தான் வந்தது.

கடைசியில் அண்ணன் ஒன்று கேட்டார். "முதலாளி சாட்சிக் கையெழுத்துப் போடுவாரா பாப்பா?" என்றார். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அப்பா இன்னும் இதைப் படிக்கவில்லை.

உரக்கடைக்காரர்

படித்துவிட்டேன். அன்று இரவு பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசல் வரை நான் போயிருந்தேன். யாருக்கும் தெரியாது. வண்டியை நிறுத்தாமல் திரும்பிவிட்டேன்.

மேலூர் சார், திங்கட்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் வருகிறோம். யூரியா பில்லின் அசல் வேண்டுமா, நகல் போதுமா?

மேலூர்_வக்கீல்

இரண்டையும் கொண்டுவாருங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். தம்பிக்கு அப்போது வைத்தியம் பார்த்த சீட்டு எதுவும் இருந்தால் மறக்க வேண்டாம். மருந்துக் கடை ரசீதாக இருந்தாலும் சரி.